தறிக்காரர் வீட்டைத் தேடி: வடசென்னைப் பயணக் குறிப்புகள்

திங்கட்கிழமை, தண்டையார்பேட்டை

தமிழ்க் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவர் முதலில் சந்திக்கும் தடை, நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது என்பதுதான். என் பெயருக்கு முன்னால் நிற்பது என் அப்பாவின் முதலெழுத்து. அவர் பெயருக்கு முன்னால் நின்றது தாத்தாவின் முதலெழுத்து. தலைமுறைக்கு ஓர் எழுத்து வந்து சேர்கிறது, முந்தைய எழுத்து உதிர்ந்துவிடுகிறது. வடசென்னையிலேயே தெலுங்கு பேசும் குடும்பங்கள் பலவற்றில் இண்டி பேரு என்று வீட்டுப் பெயரொன்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை.

எங்களிடம் இருப்பது வேறொரு வழக்கம். மூத்த பேரனுக்குத் தகப்பன்வழித் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். அதனால் என் அப்பா வேலாயுதம், அவருடைய அப்பா முனுசாமி, அவருடைய அப்பா வேலாயுதம் என்று இரண்டு பெயர்கள் மாறி மாறி வருகின்றன. மு. வேலாயுதம் என்றொரு பெயர் பழைய காகிதத்தில் கிடைத்தால், அது எந்தத் தலைமுறை வேலாயுதம் என்பதைக் காகிதத்தின் வயதைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். இந்த வழக்கத்தால் குழப்பம் உண்டு என்றாலும், மேலே போகப் போக அடுத்து எந்தப் பெயரை எதிர்பார்க்கலாம் என்ற ஊகமும் இதனால்தான் கிடைக்கிறது.

திருச்சியிலிருந்து நான் இங்கே வந்ததற்குக் காரணம் டர்பனிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். எழுதியவர் மூட்லி என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு பெண். முதலியார் என்ற பட்டம் தென்னாப்பிரிக்காவில் அப்படித்தான் உருமாறி, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் போகும் பெயராக நிலைத்துவிட்டது. பிள்ளை, செட்டி, நாயுடு, நாயக்கர், படையாச்சி எல்லாமே அங்கே அவ்வாறு குடும்பப் பெயர்களாகிவிட்டன. தம் முன்னோர் ஆறுமுகம் என்பவர் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறினார் என்றும், அவருடைய தகப்பன் பெயர் வேலாயுதம் என்றும், ஊர் திருவொற்றியூர்ப் பக்கம் என்றும் அவர் எழுதியிருந்தார். எங்கள் குடும்பத்திலும் 'அக்கரைச் சீமைக்குப் போன தம்பி' ஒருவரைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் பெயர் யாருக்கும் தெரியாது.

அத்தைக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். என் தேடலுக்கு அவரை விடப் பெரிய ஆதாரம் வேறில்லை, ஏனெனில் சிறுமியாக இருந்தபோது அவர் தம் ஆயாவோடு, அதாவது என் கொள்ளுப்பாட்டியோடு, ஒரே பாயில் படுத்துக் கதை கேட்டு வளர்ந்தவர். தாத்தா பிறந்த வருடம் கேட்டபோது அவர் எண் எதுவும் சொல்லவில்லை. "எம்டன் குண்டு போட்டப்போ ஊரே காலி பண்ணிக்கிட்டு ஓடுச்சாம். அப்பத்தான்மா செங்குன்றத்துல ஒரு திண்ணையில எங்க நைனா பொறந்தாரு" என்றார். ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு. பிறப்புச் சான்றிதழே இல்லாத தாத்தாவுக்கு ஏறத்தாழ நாள் வரைக்கும் துல்லியமான பிறந்த தேதி கிடைத்துவிட்டது. முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: வயதானவர்களிடம் வருடம் கேட்காதீர்கள், அப்போது ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

தூங்கப் போகும் முன் அத்தை இன்னொன்றும் சொன்னார். அவருடைய ஆயா தம் பிறந்த வீட்டாரையும் புகுந்த வீட்டாரையும் ஒரே பெயரால்தான் குறிப்பிடுவாராம்: தறிக்காரர் வீடு.

செவ்வாய்க்கிழமை, இராயபுரம்

அத்தையின் இரும்புப் பெட்டியிலிருந்து இன்று எடுத்தது 1942-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் நகல். ஜப்பானியர் தாக்குவார்கள் என்ற அச்சத்தில் அந்த ஏப்ரலில் நகரமே காலியானபோது, தாத்தா இராயபுரத்து வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் குடும்பத்தோடு திருச்சிக்குப் போனார். நாங்கள் திருச்சிக்காரர்கள் ஆன கதை அதுதான்.

பழைய பத்திரங்களைப் படித்துப் பழகாதவர்கள் அவற்றைச் சொத்துக் காகிதம் என்று மட்டுமே நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வரலாற்றை அவற்றைப் போல வேறெதுவும் பதிந்து வைத்ததில்லை. எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவரின் தகப்பன் பெயர், வசிக்கும் தெரு, சாதி, மதம், ஜீவனம் ஆகிய அனைத்தும் முதல் பத்தியிலேயே வந்துவிடும். சொத்து எப்படிக் கைக்கு வந்தது என்று விவரிக்கும் பகுதியில் முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலப்பத்திரத்துக்குப் போனால், அது இன்னும் ஒரு தலைமுறை பின்னால் கொண்டு சேர்க்கும். இணையத்தில் வில்லங்கச் சான்று பார்க்கிறவர்களுக்கு 1975-க்குப் பிந்தையவை எளிதில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதி, தேட வேண்டிய ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். அசையாச் சொத்து ஆவணங்கள் நகலெடுக்கப்பட்டிருக்கும் முதலாம் புத்தகத்துக்கு இரண்டு சுட்டிகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயரால் அமைந்தது, மற்றொன்று சொத்தின் இருப்பிடத்தால் அமைந்தது. முன்னோரைத் தேடுகிறவருக்குப் பெயர்ச் சுட்டியே முக்கியம்.

1942 பத்திரத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது கடைசிப் பக்கம். பத்திரத்தின் உடலில், அதாவது பத்திர எழுத்தர் எழுதிய பகுதியில், 'வேலாயுத முதலியார் குமாரர் முனுசாமி முதலியார்' என்றுதான் தாத்தா குறிப்பிடப்படுகிறார். கீழே கையெழுத்து 'வே. முனுசாமி' என்று மட்டும் இருக்கிறது. அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்த தாத்தா, இளமையிலேயே சுயமரியாதை இயக்கத்தின் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானம் நிறைவேற்றியபோது அவருக்கு வயது பதினான்கு. அந்தத் தீர்மானத்தைத் தாத்தா எந்த ஆண்டில் தம்முடையதாக்கிக் கொண்டார் என்பதற்குக் காகிதம் இல்லை. ஆனால் எழுத்தர் வழக்கப்படி எழுதியதற்குக் கீழே, அலுவலர் முன்னிலையில், தம் பெயரைத் தாம் விரும்பியபடியே அவர் எழுதினார் என்பதற்கு இந்தப் பக்கம் சாட்சி.

இங்கே என் சொந்த நிலைப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். பட்டம் துறந்த ஒருவரின் பேத்தி, அந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய தகப்பனையும் பாட்டனையும் தேட வேண்டியிருக்கிறது. சுட்டியிலும், பத்திரத்திலும், கப்பல் பட்டியலிலும் அது இருக்கிறது. அதைப் பார்க்காமல் தேட முடியாது. ஆனால் அதையே வம்சத்தின் அடையாளமாகக் கொள்வது ஆராய்ச்சி முறைப்படியும் தவறு. முதலியார் என்பது தொண்டைமண்டல வேளாளருக்கும் பட்டம், நெசவுத் தொழில் செய்த செங்குந்தருக்கும் பட்டம். நாயக்கர் என்பதை வட மாவட்டத்து வன்னியரும் போட்டுக்கொண்டார்கள், தெலுங்குக் குடும்பங்களும் போட்டுக்கொண்டன. ஒரே தெருவில், ஒரே பட்டத்தோடு, ஒரே பெயருடைய இருவர் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பத்தினராக இருக்கலாம். பட்டம் ஒத்துப் போகிறது என்பதால் உறவைத் தீர்மானிக்கிறவர்கள், தங்களுக்குச் சொந்தமில்லாத பாட்டனை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள்.

1942 பத்திரம் சுட்டிய மூலப்பத்திரத்தின் நகல் மாலைக்குள் கைக்கு வந்தது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் கொள்ளுத்தாத்தா வேலாயுதம் அந்த வீட்டை வாங்கிய கிரயப் பத்திரம் அது. 'திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து வந்து தற்சமயம் இராயபுரத்தில் வசிக்கும் முனுசாமி முதலியார் குமாரர், ஆலை வேலை ஜீவனம்' என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, காலடிப்பேட்டையில் தகப்பனாருக்குத் 'தாது வருஷத்தில்' நடந்த பாகப்பிரிவினையில் கிடைத்த வீட்டை விற்றது என்று ஒரு வரி.

தமிழ் ஆண்டுகள் அறுபது என்பதால் தாது என்ற பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஆனால் இந்த இடத்தில் ஐயத்துக்கு வழியில்லை. 1936-இல் வந்த தாது பத்திரத்துக்குப் பிந்தையது. 1816-இல் வந்தது மிக முந்தையது. எஞ்சுவது 1876. தென்னாட்டில் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற தாது வருஷப் பஞ்சத்தின் தொடக்கம் அது. அந்த ஆண்டில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு வீடு, 'தம்பி பங்கு ரொக்கமாகத் தீர்ந்தது'. தம்பியின் பெயரை எழுத வேண்டிய தேவை பத்திர எழுத்தருக்கு இருக்கவில்லை.

புதன்கிழமை, புளியந்தோப்பு

'ஆலை வேலை ஜீவனம்' என்றால் இந்தப் பகுதியில் ஒரே பொருள்தான். பக்கிங்ஹாம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தொடங்கப்பட்டு, 1920-இல் ஒன்றாகி, பி அண்ட் சி என்றும் பின்னி மில் என்றும் மூன்று தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. கைத்தறிச் சேலைக்கும் கைக்குட்டைக்கும் பெயர் பெற்ற கடற்கரையோர நெசவாளர்களின் பிள்ளைகள், விசைத்தறி ஓடும் கூடத்துக்குள் கூலிக்காரர்களாக நுழைந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர். ஆலை 1996-இல் மூடப்பட்டது. நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பணிப் பதிவேடுகளைத் தேட இனி அங்கே வாசல் இல்லை.

ஆனாலும் அத்தை என்னை இங்கே போய்ப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் வேறு. 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு முதலியோர் முயற்சியால் இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முறையான தொழிற்சங்க வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதில் வடசென்னைக்காரர்களுக்கு இன்றும் பெருமை உண்டு. மூன்றாண்டுகள் கழித்து, 1921-இன் நீண்ட வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அதன்பின் சங்கம் சாதியாகப் பிளந்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன, கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் பல உயிர்களைக் கொண்டு போயின.

கொள்ளுத்தாத்தா வேலைநிறுத்தத்தில் இருந்தவர். குடிசைகள் எரிந்த இரவில் அவர் எங்கே இருந்தார் என்பது குடும்பத்தில் ஒருபோதும் பேசப்படவில்லை என்றும், தம் அப்பா அதைக் கேட்டுத் தகப்பனோடு சண்டையிட்டுப் பல மாதம் பேசாமல் இருந்தார் என்றும் அத்தை சொல்கிறார். முன்னோரைத் தேடுகிறவர்கள் பெருமைக்குரியவற்றை மட்டும் எழுதி வைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கொள்ளுத்தாத்தா குற்றம் செய்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. குற்றமற்றவர் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. அவருடைய மகன் பட்டத்தை விட்டதற்குச் செங்கல்பட்டு மாநாடு மட்டும் காரணமாக இருந்திருக்காது என்பது அத்தையின் நம்பிக்கை. புளியந்தோப்பின் சந்துகளில் நடந்தபோது அந்த நம்பிக்கை எனக்கும் வந்தது.

வியாழக்கிழமை, பழைய சிறைச்சாலைச் சாலையும் கடற்கரையும்

பஞ்சக் காலத்தைப் புரிந்துகொள்ள ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் நடந்தேன். வடசென்னையின் முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். ஹைதர் அலியோடு நடந்த போரின்போது பஞ்சத்துக்குத் தப்பி நகருக்கு ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம் இங்கேதான் இருக்கிறது. மருத்துவமனைக்கு அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. தாது வருஷத்தில் செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்களிலிருந்து மீண்டும் மக்கள் நகருக்குள் வந்து குவிந்தார்கள். சோறே வாங்க முடியாதவர்கள் துணி வாங்கமாட்டார்கள் என்பதால், பஞ்சத்தில் நெசவாளர் நிலை உழவர் நிலையை விட எந்த வகையிலும் மேலாக இருக்கவில்லை. ஒப்பந்தக் கப்பலுக்கு ஆள் சேர்த்த தரகர்களுக்கு அது அறுவடைக் காலம்.

சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போன முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் புறப்பட்டு நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது. 1866-இல் ஆள் அனுப்புவது நின்று, 1874-இல் மீண்டும் தொடங்கி, 1911 வரை நடந்தது. மொத்தத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பாகப்பிரிவினை நடந்த 1876-இல் இங்கே துறைமுகம் கிடையாது. துறைமுகக் கட்டுமானம் அப்போதுதான் ஆரம்பமாகியிருந்தது. அதையும் 1881-இன் புயல் உடைத்துப் போட்டது. நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கு, அலை அடிக்கும் கரையிலிருந்து, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். தறிக்குழியில் உட்கார்ந்து வளர்ந்த ஒருவருக்கு அந்தப் படகுப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன்.

டர்பன் உறவினர் அனுப்பிய கப்பல் பட்டியல் பதிவை இன்று கரையோரச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை அடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டங்கள் நீளும். இந்திய அரசு அலுவலகம் எதிலும் ஏழை ஒருவரைப் பற்றி இவ்வளவு விவரம் அந்தக் காலத்தில் பதியப்பட்டதில்லை. விற்பனைச் சரக்கைச் சரிபார்ப்பது போலத்தான் அவற்றைப் பதிந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆறுமுகத்தின் ஊர்க் கட்டத்தில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைத் திருவொற்றியூர் என்றும் படிக்கலாம், செய்யாற்றின் பழைய பெயரான திருவோத்தூர் என்றும் படிக்கலாம். இரண்டும் வெள்ளைக்காரர் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். தாலுகாக் கட்டத்தில் சைதாப்பேட்டை என்று இருப்பதுதான் தீர்ப்பு. திருவொற்றியூர் அந்நாளில் செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்தது. திருவோத்தூரோ வட ஆர்க்காடு.

வெள்ளிக்கிழமை, காலடிப்பேட்டை

மெட்ரோவில் காலடிப்பேட்டையில் இறங்கினேன். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த பேட்டை இது. காலெட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. கிழக்கிந்தியக் கும்பினிக்குத் துணி வேண்டும், துணிக்குத் தறி வேண்டும், தறிக்கு ஆள் வேண்டும். வடசென்னையின் பழைய குடியிருப்புகள் பல இந்தத் தேவையால் பிறந்தவை. வண்ணாரப்பேட்டை துணி வெளுத்தவர்களால் ஆனது. ஆகவே எங்கள் குடும்பம் ஆதிகாலம் தொட்டு இங்கே இருந்தது என்று நான் எண்ணவில்லை. தறிக்காரர்கள் எங்கிருந்தோ அழைத்து வரப்பட்டவர்கள். அந்த முந்தைய ஊருக்கான தடயம் இதுவரை கிடைத்த எந்தக் காகிதத்திலும் இல்லை.

கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று ஒரு தறிச் சத்தமும் இல்லை. தெருப் பெயர்களில் இருந்த சாதிப் பட்டங்கள் 1970-களின் இறுதியில் அரசு ஆணையால் நீக்கப்பட்டதால், பழைய பத்திரத்துப் பெயரையும் இன்றைய பலகையையும் பொருத்திப் பார்க்க ஒரு முதியவரின் துணை வேண்டியிருந்தது. அரசு செய்தது சரியான செயல். பழைய பெயர், பத்திரத்தில் தேடுகிறவருக்கு எப்படியும் கிடைக்கத்தான் செய்கிறது.

அந்த முதியவர் என்னைச் சிறிய அம்மன் கோயில் ஒன்றின் நிர்வாகியிடம் அழைத்துப் போனார். ஆடித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டுகளை அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைகளாகப் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் முன்னோரைத் தேடுகிறவர்கள் தவறவிடக் கூடாத ஆவணம் இது. மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பங்காளிகள் எல்லோரும் ஒரு வகையறாவின் கீழ் வரிசையாக எழுதப்படுவார்கள். வெளியூர் போனவர்களும் வரி அனுப்பினால் பெயர் நீடிக்கும்.

"உங்க பட்டப்பேரு என்னம்மா?" என்று நிர்வாகி கேட்டார். எங்களுக்குப் பட்டம் கிடையாது, தறிக்காரர் வீடு என்று சொல்வார்கள் என்றேன். அவர் உடனே நோட்டைத் திருப்பி, 'தறிக்காரர் வகையறா' என்ற தலைப்பைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் முனுசாமி, அவருக்குக் கீழே வேலாயுதம், அவர் பெயருக்கு நேரே 'இராயபுரம்' என்ற குறிப்பு. நோட்டு பழைய ஒன்றிலிருந்து பிரதி எடுக்கப்பட்டது என்பதால், முனுசாமிக்கு மேலே தகப்பன் பெயரைப் பிரதி செய்தவர் எழுதவில்லை. ஆனால் முனுசாமி பெயருக்கு அருகிலேயே 'தம்பி இல்லை' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இறந்தவர்களுக்கு அந்த நோட்டில் 'காலம்' என்று எழுதியிருக்கிறார்கள். 'இல்லை' என்பது ஊரில் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நிர்வாகி விளக்கினார். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி தந்தார். அவருடைய பொறுமைக்கு என் நன்றி.

எல்லோரும் நெசவு செய்த பேட்டையில் ஒரு வீட்டை மட்டும் தறிக்காரர் என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்டேன். மற்றவர்கள் நெய்தார்கள், இவர்கள் தறி கட்டிக் கொடுத்தார்கள் என்று முதியவர் சொன்னார். குழி வெட்டி, கால் நட்டு, படமரம் பொருத்திக் கொடுத்த குடும்பம் என்பது பிறர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த செய்தி. குடும்பத்துக்குள்ளேயே மறைந்துபோன ஒரு தகவல் ஊரின் நினைவில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தண்டையார்பேட்டை

நேற்று முழுவதும் அத்தையோடு உட்கார்ந்து வம்சப் பட்டியலை வரைந்தேன். வரையத் தொடங்கியதுமே ஓர் உண்மை தெளிவாயிற்று. கொள்ளுப்பாட்டி, கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறந்த அக்கா மகள். அதனால்தான் பிறந்த வீட்டாரையும் புகுந்த வீட்டாரையும் அவர் ஒரே பெயரால் அழைத்தார். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் வழக்கத்தால் பட்டியலின் கிளைகள் விரியாமல் திரும்பத் திரும்ப உள்ளே வளைகின்றன. ஒரே ஆள் இரண்டு வழியாகப் பாட்டனாகிறார். பெண்களை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் எழுதினால் இந்த அமைப்பு கண்ணுக்கே தெரியாது. வீட்டின் பெயரை எங்களுக்குத் தந்தவர், பத்திரத்தில் சாட்சியாகக்கூட வராத அந்தக் கொள்ளுப்பாட்டிதான்.

டர்பன் பெண்ணுக்கு இன்று காலை விரிவாகப் பதில் எழுதினேன். அவருடைய ஆறுமுகத்தின் தகப்பன் வேலாயுதம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் முனுசாமி. மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயர் என்ற வழக்கப்படி அந்த முனுசாமியின் தகப்பன் வேலாயுதமாக இருக்க வேண்டும். ஊர் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது, பாகத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்ட ஒரு தம்பி இருக்கிறார், ஊரில் இல்லாத தம்பி என்று கோயில் நோட்டும் சொல்கிறது. ஆயினும் வேலாயுதம் என்பது முருகன் பெயர்; இந்தக் கடற்கரையில் அந்தப் பெயருடையவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்தத் தம்பியின் பெயர் ஆறுமுகம் என்று சொல்லும் ஒரு வரி இங்கே எங்கும் கிடைக்கவில்லை.

மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம் என்று அவர் முன்பே எழுதியிருந்தார். நாங்கள் உறவு என்றால் நான்கு தலைமுறைக்கு மேலே பிரிந்த பங்காளிகள். அந்தத் தூரத்து உறவினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் பொதுச் சோதனையில் ஒற்றுமை எதுவும் தெரிவதில்லை. ஒரே சமூகத்துக்குள் நூற்றாண்டுகளாக மணம் முடித்தவர்களிடம் தெரியும் சிறு ஒற்றுமையோ உறவின் சான்றாகாது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிடுவதே இந்தக் கேள்விக்குப் பொருத்தமானது. என் தம்பியும் டர்பன் பெண்ணின் அண்ணனும் மாதிரி கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை பட்டியலில் முனுசாமிக்கும் ஆறுமுகத்துக்கும் இடையே புள்ளிக்கோடுதான்.

பெயர்களை எப்படி எழுதுவது என்பதில் அத்தைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை. பட்டியலில் எந்தப் பெயருக்குப் பின்னாலும் பட்டம் வராது. பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருந்தது என்ற செய்தி ஆதாரக் குறிப்பில் மட்டும் அப்படியே இருக்கும். டர்பன் கிளைக்கு மூட்லி என்றுதான் எழுத வேண்டும் என்று அத்தையே சொன்னார். அங்கே அது சாதியைச் சொல்லிக் கொள்வதற்காக வைத்த பெயர் அன்று. எழுத்தர் ஒருவர் கட்டத்தில் எழுதியதைப் பிள்ளைகள் பள்ளியிலும் வேலையிலும் சுமந்து சுமந்து தங்கள் பெயராக்கிக் கொண்டார்கள். "அவங்க பேரு அதுதானேம்மா, நாம எப்படி எடுக்கறது?" என்றார். இங்கே தாத்தா கையெழுத்துப் போட்ட உரிமைதான் அவர்களுக்கும்.

எஞ்சியிருப்பது தாது வருஷத்துப் பாகப்பிரிவினை ஆவணம். பதிவுச் சட்டம் 1860-களின் நடுவிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டதால், பிரிவினை எழுத்தில் நடந்து பதிவாகியிருந்தால், தம்பியின் பெயரும் அவருடைய கைநாட்டோ கையெழுத்தோ புத்தகத்தில் இருந்தாக வேண்டும். 1876, 1877 ஆகிய ஆண்டுகளின் பெயர்ச் சுட்டியில் முனுசாமி, ஆறுமுகம் என்ற இரண்டு பெயர்களையும் தேடித் தரக் கோரி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். நான் இன்றிரவு திருச்சிக்குத் திரும்புவதால், அத்தையின் மகன் நாளை அதைக் கொடுத்துக் கட்டணமும் கட்டிவிடுவார்.